சும்மா ஒரு கையெழுத்து

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை சமூகப்பணி இரண்டாமாண்டு மாணவி. ஆய்வுக் களப்பணிக்காக செட்டிநாட்டில் ஒரு ஊரில் தங்கியிருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீடுகளில் தனியே வாழும் வயதான பெண்களைப் பற்றிய ஆய்வு. முப்பது பேரைப் பேட்டி எடுக்க வேண்டும். இரண்டு வாரம் ஆகிவிட்டது. நன்றாகப் பேசுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் முகம் மாறிவிடுகிறது. நான்கு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். எந்த உதவியும் செய்யாமல் கேள்வி மட்டும் கேட்பதும் உறுத்துகிறது. இந்தத் துறைக்கு நான் லாயக்கில்லையோ? அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள என்ன படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

லாயக்கா இல்லையா என்பதை இரண்டு வாரத்தில் முடிவு செய்யாதீர்கள். புத்தகப் பட்டியல் இப்போது வேண்டாம், ஊருக்குத் திரும்பிய பிறகு கேளுங்கள். முப்பது என்ற எண்ணை உங்கள் கைடிடம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். உறுத்தல் இருக்கட்டும். அது இல்லாமல் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரக் கூடாது.

ஆனால் "எப்படிச் சம்மதிக்க வைப்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1947இல் நாஜி மருத்துவர்கள் வழக்கில் தீர்ப்பு எழுதிய நியூரம்பர்க் நீதிமன்றம், மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தது. முதல் விதியே சம்பந்தப்பட்டவர் தானாக மனமுவந்து தரும் இசைவு. அப்படியிருக்க, சம்மதிக்க 'வைப்பது' எங்கிருந்து வந்தது? உங்களிடம் முடியாது என்று சொன்ன ஆச்சிகள் உங்கள் ஆய்வுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

நீங்கள் இருக்கும் மண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வட்டிக்கடை வைத்த நகரத்தார்களின் ஊர். தாளில் விழும் கையெழுத்துக்கு என்ன விலை என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இன்னொன்று, வீடு. பல வீடுகளில் பங்காளிகள் பத்து, இருபது என்று பெருகிக் கிடக்கிறார்கள். ஒரு கையெழுத்து குறைந்தால் விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம், முன்பின் தெரியாத பிள்ளை வந்து, குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் என்ன, வீடு யார் பெயரில் என்று கேட்டுவிட்டு மூன்று பக்கத் தாளை நீட்டினால் முகம் மாறாமல் என்ன செய்யும்?

1986இல் நானும் இப்படி ஒரு தாளோடு போயிருக்கிறேன். தினக்கூலிக்கு ஒரு கணக்கெடுப்பு வேலை. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், இரண்டாம் கட்டு நடையில் உட்கார்ந்து ஒரு ஆச்சி கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைந்துகொண்டிருந்தார். ஈர ஓலையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தி இறுக்கியபடியே ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து, ஆச்சி" என்றேன்.

விரல் நின்றது. "சும்மா ஒரு கையெழுத்துன்னு சொன்னவுகளை நெறையப் பாத்துட்டேன் தம்பி" என்று எழுந்துபோய், ஒரு தகரப் பெட்டியிலிருந்து பழுத்துப்போன காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய இசைகுடிமானம். நகரத்தார் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் ஒப்பி எழுதிக்கொள்ளும் பத்திரம். மடிப்புகளில் ஓட்டை விழுந்திருந்தது.

"அப்பச்சி கையெழுத்து இருக்கு. மாமனார் கையெழுத்து இருக்கு. என் கையெழுத்து எங்கன இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

இல்லை.

"அதான், இப்ப எதுல போட்டாலும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். ஒங்க தாள்ல ஒண்ணு எனக்குக் குடுப்பீகளா?"

கையில் இருந்தது ஒன்றுதான். அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றேன். நம்பிக் கையெழுத்துப் போட்டார். நான் போகவே இல்லை.

பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் அந்த வாக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தும். எனாமல் தட்டுகளுக்கும் மரத்தூண்களுக்கும் நடுவில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் போட்டோ விலைக்கு நிற்கும். படத்தில் இருக்கிற பெண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆச்சி எனக்குச் சொன்ன ஒரு மணி நேரப் பேச்சும் எங்கோ ஒரு அலமாரியில் அப்படித்தான் கிடக்கும்.

நீங்கள் இணைத்திருந்த படிவத்தைப் படித்தேன். "பங்கேற்பாளரின் தன்னார்வப் பங்கேற்பு உறுதிசெய்யப்படுகிறது" என்றால் என்ன அம்மா? உங்கள் அப்பத்தாவிடம் இப்படிப் பேசுவீர்களா? மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்குங்கள். நான் இன்னார், இந்தக் கல்லூரி, இதற்காகக் கேட்கிறேன், பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தலாம், நாளைக்கு மனசு மாறினால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இரண்டு பிரதி வேண்டும். இரண்டிலும் முதலில் உங்கள் கையெழுத்து. ஒன்று அவர்கள் பெட்டிக்குள் இருக்கட்டும். உடனே பேனாவை நீட்டாதீர்கள், யோசித்து வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் போங்கள். போகிறேன் என்று சொன்ன நாளில் போங்கள். எழுதி முடித்ததும் அவர்கள் சொன்னதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். அடிக்கச் சொன்ன வரியை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி. கைடு ஏதாவது சொன்னால் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

புதிய படிவம் தயாரானதும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை வெளியிடலாமா என்று உங்களைக் கேட்டிருந்தேன். ஊர்ப் பெயரையும், மாடியில் தனியாகப் படுக்கும் அந்த அம்மாவைப் பற்றிய பத்தியையும் எடுத்துவிடச் சொன்னீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன்.