வலப்புறச் சந்திலிருந்து வந்தவர் செய்தது சரிதான்

ஸ்டுட்கார்ட்டில் அகலமான தெருவில் வண்டியில் நேராகப் போகும்போது, வலப்புறச் சந்திலிருந்து ஒருவர் நிற்காமல் வந்ததோடு உங்களையே முறைத்துவிட்டுப் போனார் என்கிறீர்கள். எரிச்சல் புரிகிறது, ஆனால் சட்டம் அவர் பக்கம்.

ஜெர்மனியில் பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. தெருவின் அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. மணிக்கு 30 கி.மீ. வரம்புள்ள குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. வெள்ளை விளிம்பிட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் குறுக்கே கறுப்புக் கோடுகள் இருந்தால் அந்தச் சலுகை அங்கே முடிகிறது. வாகன நிறுத்துமிடத்திலிருந்து அல்லது தாழ்த்திய நடைபாதை விளிம்பைத் தாண்டி வருபவர், வலப்புறமானாலும், உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் பாருங்கள். ஊர்ப் பழக்கத்தில் ஹாரன் அடிக்காதீர்கள். நகருக்குள் ஆபத்தை எச்சரிக்க மட்டுமே அதற்கு அனுமதி.

முறைப்பை விட அவசரமான விஷயம் உங்கள் சென்னை உரிமம். குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் அது செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். ஓட்டுத் தேர்வில் தேர்வாளர் ஜெர்மனில்தான் பேசுவார். அதற்கான சொற்களை இப்போதே ஓட்டுநர் பள்ளியில் கேட்டுப் பழகத் தொடங்குங்கள்.