மகன் ஐஸ் ஹாக்கிதான் என்கிறான்: கோத்தன்பர்க் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

எட்டாவது படிக்கிற பையன், "ராஸ்முஸ் டாலின் பதினாறு வயசுலயே சீனியர் டீம்ல ஆடிட்டார், எனக்கு எதுக்கு இந்தக் கணக்கு?" என்று கேட்டால் பெற்ற வயிறு கலங்கத்தான் செய்யும். ஹாக்கி பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா என்று உங்கள் கணவர் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்வீடனில் வளரும் பையனுக்கு ஐஸ் ஹாக்கி என்பது தெருமுனைக் கிரிக்கெட் போலச் சாதாரண விஷயம். அவனுடைய நண்பர்கள், அவன் பேசும் பேச்சு எல்லாமே அந்த ரிங்க்கில்தான் இருக்கின்றன. அதைப் பிடுங்கினால் கணக்கு வந்துவிடாது.

வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆடும் ஸ்வீடன் தடுப்பாட்டக்காரர் டாலினை அவன் உதாரணம் காட்டியது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கதையில் பாதியைத்தான் அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். முழுசாகச் சொன்னால் அது உங்கள் பக்கமும் கொஞ்சம் பேசும்.

டாலின் 2000 ஏப்ரலில் ட்ரோல்ஹெட்டானில் பிறந்தவர். வளர்ந்தது வேனர்ன் ஏரிக்கரையில் உள்ள லிட்ஷோப்பிங்கில். முதலில் உள்ளூர் கிளப். பதின்ம வயதில்தான் உங்கள் ஊர் கிளப்பான ஃப்ரோலுண்டாவின் ஜூனியர் அணிக்கு வந்தார். 2016–17 சீசனில், பதினாறு வயதில், ஸ்வீடனின் உச்ச லீகான எஸ்.எச்.எல்.லில் களம் இறங்கினார். அது வரைக்கும் உங்கள் மகன் சொன்னது சரி. அந்த சீசனில் அவர் ஆடியது 26 ஆட்டம். அடித்தது 1 கோல், 2 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்). அதே சீசனில் இருபது வயதுக்கு உட்பட்டோர் அணிக்கும் திரும்பத் திரும்பப் போய் ஆடினார். "நான் சீனியர் ஆகிவிட்டேன், ஜூனியரில் ஏன் ஆட வேண்டும்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சீனியர் அணியில் ஒரு பதினாறு வயதுத் தடுப்பாட்டக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பெரியவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். ஜூனியர் ஆட்டத்திலோ பக் என்ற அந்த ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து வெளியே வரலாம், தப்பு பண்ணலாம், அடுத்த முறை களம் இறங்கும்போது அதைச் சரி பண்ணலாம். தடுப்பாட்டம் அப்படித்தான் கைக்கு வரும்.

அடுத்த சீசன் 41 ஆட்டம், 7 கோல், 13 அசிஸ்ட். அந்தக் குளிர்காலத்திலேயே பஃபலோவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஸ்வீடனுக்கு வெள்ளி, இவருக்குச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2018 பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக், அப்போது வயது 17. ஜூன் 22 அன்று டல்லஸில் நடந்த என்.எச்.எல். டிராஃப்டில் பஃபலோ சேபர்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. 1989இல் மாட்ஸ் சுந்தீனுக்குப் பிறகு அந்த முதல் இடம் போன இரண்டாவது ஸ்வீடன் வீரர் இவர்தான்.

டிராஃப்ட் என்றதும் நம் ஆட்கள் கவுன்சலிங் ரேங்க் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். இது நேர்மாறு. ரேங்க் வாங்கிய பையன் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்லை. அணிதான் பையனை எடுக்கிறது. அதுவும் பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்குள் குலுக்கல் வைத்து, மோசமாக ஆடிய அணிக்கே அதிக வாய்ப்பு இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே முதல் ரேங்க் பையன் போய்ச் சேருவது பெரும்பாலும் தள்ளாடிக்கொண்டிருக்கும் அணியில்தான்.

டாலினுக்கு நடந்ததும் அதுவே. முதல் சீசனில் 82 ஆட்டம், 9 கோல், 35 அசிஸ்ட். பதினெட்டு வயதுத் தடுப்பாட்டக்காரருக்கு இது அசாத்தியம். என்.எச்.எல். வரலாற்றில் அந்த வயதில் இதைவிட அதிகம் எடுத்தவர் ஃபில் ஹவுஸ்லி ஒருவர்தான், அவரே அப்போது பஃபலோ பயிற்சியாளர். அந்த சீசன் முடிந்ததும் ஹவுஸ்லியை நீக்கினார்கள். அடுத்து வந்தவரும் 2021 மார்ச்சில் போனார். 2020–21இல் அணி தொடர்ந்து 18 ஆட்டம் வெல்லாமல் கிடந்தது. டாலினின் பிளஸ்-மைனஸ் கணக்கு (அவர் களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) மைனஸ் 36, லீகிலேயே மோசம். இருபது வயசு, மூன்று சீசன், மூன்று பயிற்சியாளர். "தப்பான ஆளை எடுத்துவிட்டார்களோ" என்று அமெரிக்காவில் பேச்சு எழுந்த காலம் அது. 2021 செப்டம்பரில் 3 ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம், 2023 அக்டோபரில் 8 ஆண்டுக்கு 8.8 கோடி டாலர், 2024 அக்டோபரில் கேப்டன் பதவி. இதெல்லாம் அந்தக் கசப்பான சீசனுக்குப் பிறகு வந்தவை. அணியோ, அவர் சேர்ந்த முதல் ஏழு சீசனிலும் பிளேஆஃபை எட்டவில்லை.

இப்போது 1989க்கு வருவோம். இதை மகனிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டான். சுந்தீன் முதல் ஆளாகப் போன அதே டிராஃப்டில் வெஸ்டரோஸ் கிளப்பைச் சேர்ந்த ஒரு ஒல்லிப் பையனை டெட்ராய்ட் 53ஆவது ஆளாக எடுத்தது. பெயர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். அவர் உடனே அமெரிக்கா ஓடவில்லை. வெஸ்டரோஸிலேயே இன்னும் இரண்டு சீசன் ஆடிவிட்டு 1991இல்தான் போனார். பிறகு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை நான்கு தடவை, லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை ஏழு தடவை. இன்னொரு ஸ்வீடன் தடுப்பாட்டக்காரர் மத்தியாஸ் ஏக்ஹோல்ம் இன்னும் பின்னால், 2009இல் 102ஆவது ஆள். 2011இல் நாஷ்வில்லில் இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பி, யேவ்லே ஊரின் ப்ரினேஸ் அணியோடு 2012 தேசியப் பட்டம் வென்றார். 2013இல் மறுபடி போய் நிலைத்தார். திரும்பி வந்ததை அவர் தோல்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் இன்று யார் அவரைப் பேசப்போகிறார்கள்?

தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள். எதிரே வருபவன் எங்கே பாஸ் போடப்போகிறான் என்று படிக்கிற கண் ஆட ஆடத்தான் வரும். உங்கள் மகன் நவம்பரில் பிறந்தவன் என்று எழுதியிருந்தீர்கள். இது முக்கியமான தகவல். வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்குவதால் ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் அவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவர்கள். பதினாலு வயதில் அந்த இடைவெளி உயரத்திலும் எடையிலும் அப்பட்டமாகத் தெரியும். அடுத்த வருஷம் மாவட்ட அணிகள் மோதும் டி.வி. புக்கன் போட்டிக்கான தேர்வு நடக்கும்போது அவன் பெயர் இல்லாமல் போகலாம். அன்றைக்கு வீடு இழவு வீடு ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். "அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியம் மட்டும் உங்கள் கணவர் வாயிலிருந்து வரக்கூடாது.

வேலைவாய்ப்பு ஆலோசகர் என்ற முறையில் எண்ணிக்கையையும் சொல்லியாக வேண்டும். எஸ்.எச்.எல்.லில் 14 அணி. ஓர் ஆட்டத்துக்கு அணிக்கு ஆறேழு தடுப்பாட்டக்காரர்கள். நாடு முழுவதும் நூறு இடம்கூடத் தேறாது, அதிலும் வெளிநாட்டவர் உண்டு. அதற்குக் கீழே ஹாக்கி ஆல்ஸ்வென்ஸ்கானில் இன்னொரு 14 அணி. 2018இல் டாலினின் முதல் என்.எச்.எல். ஒப்பந்தத்திலேயே ஆண்டுக்கு 9,25,000 டாலர் சம்பளம் இருந்தது. கீழ் லீகுகளிலோ பகலில் வேலை, மாலையில் ஹாக்கி என்று இருப்பவர்கள் ஏராளம். கனவைக் கலைக்க இதைச் சொல்லவில்லை. கூடவே இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கதவைத் திறந்து வைப்பது ஸ்வீடனில் நம் ஊரைவிடச் சுலபம். ஒன்பதாவது முடித்ததும் மூன்றாண்டு யிம்னாசியம், அதாவது மேல்நிலைப் பள்ளி. அதில் என்.ஐ.யூ. என்ற விளையாட்டு இடங்கள் உண்டு: பள்ளி நேரத்திலேயே, வாரத்தில் சில காலைகளில், கிளப் பயிற்சியாளரோடு ஐஸ் மேல் பயிற்சி, மீதி நேரம் வழக்கமான பாடங்கள். கட்டணம் கிடையாது. இங்கேதான் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். எந்தப் பள்ளியில் ஹாக்கி நன்றாக இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அந்தப் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவோடு ஹாக்கி சேரும் என்று கேட்கமாட்டார்கள். சில இடங்களில் இயற்கை அறிவியலோடு சேர்த்து எடுக்க முடியாது. மகனுக்குக் கணக்கு கசக்கிறது என்றால் அறிவியல் பிரிவில் திணிக்க வேண்டாம், ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வழி விடும் பிரிவாக இருக்கட்டும். பொருளியல் பிரிவு பல ஆட்டக்காரப் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறது.

அதன் பிறகும் கதவு மூடுவதில்லை. விட்டுப்போன பாடங்களை இருபது வயதுக்கு மேல் பெரியவர்களுக்கான பள்ளியான கொம்வுக்ஸில் முடிக்கலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஹோக்ஸ்கோலேப்ரூவெட் தேர்வை எழுதி, அந்த மதிப்பெண்ணை 8 ஆண்டு வரை பயன்படுத்தலாம். இருபத்துமூன்று வயதில் ஹாக்கியை விட்டுவிட்டுப் பொறியியலில் சேருவது அங்கே யாருக்கும் விசித்திரம் இல்லை. "ஒரு வருஷம் வீணாப்போச்சு" என்ற நம் ஊர்ப் பயத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் நீங்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் கறாராக இருங்கள். பதினாலு வயதில் வேறு ஊர்க் கிளப்புக்கு அனுப்பக் கேட்டால் மறுத்துவிடுங்கள். நல்ல கிளப்புகள் இருக்கும் ஊரில்தானே குடியிருக்கிறீர்கள். ஏஜென்ட் என்று யாராவது வந்து முன்பணம் பற்றிப் பேசினால் வாசலோடு அனுப்புங்கள். தலையில் அடிபட்டால், ஓய்வுக்குப் பிறகு படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும்; ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம், தலைவலி வந்தால் ஒரு படி கீழே. முக்கியமான ஆட்டம், இறுதிப்போட்டி என்ற பேச்சே இதில் செல்லாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள், அது இலவசம். மகனையும் கூட்டிப் போங்கள். பேச்சை அவனே தொடங்கட்டும். இலையுதிர் காலத்தில் யிம்னாசியங்கள் பெற்றோருக்காகக் கதவு திறந்து வைக்கும் நாட்களில் என்.ஐ.யூ. உள்ள இரண்டு பள்ளிகளுக்காவது போய், இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளியூர் ஆட்டத்தால் தவறும் பாடத்தை எப்போது, யார் ஈடுகட்டுவார்கள்? சென்ற மூன்று ஆண்டு ஹாக்கி மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு, தொழில்முறை ஆட்டக்காரரான ஒருவரின் பெயரை மட்டும் சொல்லி மழுப்பும் பள்ளியைவிட, மற்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்லத் தெரிந்த பள்ளி மேல். விளையாட்டு இடங்களுக்கான விண்ணப்பம் வழக்கமான சேர்க்கைக்கு முன்பே முடிந்துவிடும், தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் பெற்றோர் முறை வைத்து நடத்தும் கியோஸ்கில் காப்பி ஊற்ற அவர் பெயரைக் கொடுங்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளை வைத்திருக்கும் அப்பாக்கள் அங்கேதான் நிற்பார்கள். எந்தப் பள்ளி, எந்தப் பயிற்சியாளர் என்ற நிஜ விவரமெல்லாம் எனக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.