அது காட்டுப்பன்றிக் குட்டி இல்லை

வணக்கம். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உங்கள் செம்பனைத் தோட்டத்து ஓரம் கோடு போட்ட குட்டி ஒன்று தனியாகப் படுத்திருப்பதாகவும், பன்றிக் குட்டிதானே, எடுத்துவந்து பசும்பால் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் அது தபீர் குட்டி. மலாயில் தெனுக் என்பார்கள். பன்றிக் குட்டிக்குக் கோடுகள் முதுகு நெடுக ஓடும், புள்ளி இருக்காது. இதற்கோ தர்ப்பூசணித் தோல் போல, அறுந்த கோடுகளும் இடையிடையே வெள்ளைப் புள்ளிகளும். மூக்கு நுனி மேலுதட்டோடு சேர்ந்து குட்டித் தும்பிக்கையாகத் தொங்கும். சந்தேகம் தீர, ஈர மண்ணில் தடம் பாருங்கள்: பன்றிக்கு இரட்டைக் குளம்பு, தபீருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. காண்டாமிருகமும் குதிரையும்தான் இதன் உறவு.

தாய் மேயப் போகும்போது குட்டியைப் புதரில் விட்டுச் செல்வது வழக்கம். அது கைவிடப்பட்டதாக நினைக்க வேண்டாம். தாய் சுமார் 300 கிலோ இருக்கும். முன் உடலும் கால்களும் கறுப்பு, நடு உடல் வெள்ளை. நாயைக் கட்டிவிட்டு, தூரத்திலிருந்து கவனியுங்கள். காயம் இருந்தாலோ, மறுநாளும் தாய் வராவிட்டாலோ உடனே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். இது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் ஈனும். தபீர் இனங்களில் ஆசியாவில் வாழ்வது இது ஒன்றே. மற்றவை அமெரிக்கக் கண்டத்தில். அந்தக் குட்டி தாயோடு போய்ச் சேர்ந்ததா என்று அவசியம் எழுதுங்கள்.