வீட்டில் இருக்கும் நல்ல கார் மகளுக்கு

கேள்வி: எங்களுக்கு புக்கிட் மெர்த்தாஜாம். மகளுக்கு 18 வயது. புதிய ஓட்டுநருக்கான பி லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகிறது, ஆட்டோ கியர் காருக்கான லைசென்ஸ்தான். அடுத்த மாதம் கெலுகோர் பக்கம் கல்லூரியில் சேர்கிறாள். வாரத்தில் நான்கு நாள் பினாங்கு பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். கையில் 20,000 ரிங்கிட் வைத்திருக்கிறோம். என் கொழுந்தன் தன் பழைய பெரோடுவா வீவாவை 8,000 ரிங்கிட்டுக்குத் தருகிறேன் என்கிறார். "முதல் கார்தானே, இடிச்சாலும் பரவாயில்லை" என்பது என் கணவரின் கருத்து. அண்ணன் மகனோ, "பழைய ஹோண்டா சிவிக் எடுங்க அத்தை, கனமான காடி" என்கிறான். நான் 2019 மைவி 1.3 ஓட்டுகிறேன், பிறையில் உள்ள தொழிற்சாலைக்குப் போய்வர மட்டும்தான். மகளுக்கு எதை வாங்கலாம்?

பதில்: சகோதரி, மகளுக்கு ஏற்ற கார் ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. மைவியை அவளிடம் கொடுங்கள். புதிதாக வாங்கப்போகும் பழைய காரை நீங்கள் ஓட்டுங்கள்.

செபராங் ஜெயாவில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு முதல் கார் பார்க்க வரும் பெற்றோர் பலரிடமும் இதைத்தான் சொல்கிறேன், பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். சம்பாதிக்கிறவர் நல்ல காரில் போக வேண்டும், படிக்கிற பிள்ளைக்கு இருப்பது போதும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். மற்ற விஷயங்களில் அது சரியாக இருக்கலாம். காரில் மட்டும் அதைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலேயே விபத்துக்கு அதிக வாய்ப்புள்ளவர் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்த பிள்ளைதான். பாதுகாப்பான கார் முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் வேண்டும்.

"இடிச்சாலும் பரவாயில்லை" என்று உங்கள் கணவர் சொல்லும்போது, மார்க்கெட் பார்க்கிங்கில் தூணில் உரசுவதைத்தான் நினைத்திருப்பார். பாலத்தில் மழை நேரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் ஒரு லோரி திடீரென்று பிரேக் போடுவதை நினைத்திருக்க மாட்டார். பினாங்கு பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் கடல்தான். பக்கவாட்டில் காற்று, ஒரு பக்கம் லோரி, இன்னொரு பக்கம் இடுக்கில் நுழைந்துவரும் மோட்டார். உங்கள் மகள் அந்தப் பாதையில் வாரத்துக்கு எட்டு முறை ஓட்டப்போகிறாள்.

வீவாவையும் மைவியையும் பிரிப்பது வயது மட்டும் இல்லை. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவி, அதாவது உங்கள் கார், எந்த வகையை (வேரியன்ட்) எடுத்தாலும் குறைந்தது நான்கு காற்றுப்பைகளோடும் நிலைப்புக் கட்டுப்பாட்டோடும் வந்தது. ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் அது. வீவாவில் நிலைப்புக் கட்டுப்பாடு கிடையாது. அதன் பல வகைகளில் காற்றுப்பைகூட கிடையாது.

நிலைப்புக் கட்டுப்பாடு என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். காரின் விளம்பரத் தாளில் விஎஸ்சி என்றோ இஎஸ்சி என்றோ போட்டிருப்பார்கள். பலரும் இதை ஏபிஎஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏபிஎஸ், பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் ஸ்டீயரிங் தொடர்ந்து வேலை செய்யும். நிலைப்புக் கட்டுப்பாடு அதற்கு மேல் ஒரு படி. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார், கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். கார் வழுக்கத் தொடங்கினால், நான்கு சக்கரங்களில் எதைப் பிடித்தால் கார் நேராகுமோ அதற்கு மட்டும் தானே பிரேக் கொடுக்கும், இஞ்சினின் வேகத்தையும் குறைக்கும்.

இருபது வருடம் ஓட்டியவருக்குக் கார் நழுவினால் கை ஓரளவு தானாகவே சமாளிக்கும். மூன்று மாதம் ஓட்டியவர் பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் வெட்டுவார், உடனே பயந்து மறுபக்கம் வெட்டுவார். பெரும்பாலும் அந்த இரண்டாவது வெட்டில்தான் கார் சுழல்கிறது. அந்த நொடியில் மகளுக்குக் கைகொடுக்கக் கூடியது இந்தக் கருவிதான். கார் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

அண்ணன் மகன் சொன்ன சிவிக்குக்கு வருகிறேன். கனமான கார் மோதலில் நன்றாகத் தாங்கும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் 18 வயதில் 1.8, 2.0 இஞ்சின் வேண்டாம். காலடியில் அவ்வளவு வேகம் இருந்தால் யாருக்கும் ஆசை வரும். அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. அந்தக் காலத்து சிவிக், சிட்டி, ஜாஸ் பலவற்றில் தகாதா நிறுவனத்தின் காற்றுப்பைகள் இருந்தன. அதற்குள் இருக்கும் வெடிமருந்து பல வருட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், பை விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிடும். நம் நாட்டிலேயே இதனால் உயிர் போயிருக்கிறது. நிறுவனம் இலவசமாகவே மாற்றித் தருகிறது, ஆனால் கைமாறி கைமாறி வந்த கார்களில் மாற்றாமலே ஓடுபவை உண்டு. யார் வீட்டிலாவது அப்படிப்பட்ட பழைய ஹோண்டா இருந்தால், அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து ஹோண்டா மலேசியாவில் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

பணக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மைவியைப் பெயர் மாற்ற வேண்டாம், உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஐந்து வருடம் க்ளைம் இல்லாமல் ஓட்டியிருந்தால் காப்புறுதியில் 55 விழுக்காடு என்சிடி கழிவு உங்களுக்கு இருக்கும், அது அந்தக் காரோடு அப்படியே தொடரும். புதிதாக வாங்கும் இரண்டாவது காருக்கு அந்தக் கழிவு வராது. அது சுழியத்தில் தொடங்கி, க்ளைம் இல்லாத முதல் வருடத்துக்குப் பிறகு 25 விழுக்காடு ஆகும். மதிப்புக் குறைந்த காருக்குச் சுழியத்தில் தொடங்குவது மலிவுதான். மைவி காப்புறுதியில் மகளின் பெயரை ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ளவரோ பி லைசென்ஸ் வைத்திருப்பவரோ ஓட்டும்போது விபத்து நடந்தால், பெயர் சேர்த்திருந்தாலும் உங்கள் கார் சேதத்துக்கான க்ளைமில் முதல் 400 ரிங்கிட் உங்கள் பொறுப்பு. அதோடு, சொந்தச் சேதத்துக்கு ஒருமுறை க்ளைம் செய்தால் அந்த 55 விழுக்காடும் போய்விடும். பம்பர் கீறலுக்கெல்லாம் க்ளைம் பக்கம் போகாதீர்கள், கைக்காசில் சாயம் அடித்துவிடுங்கள். சாலை வரியில் 1,000 சிசி வரை 20 ரிங்கிட், மைவி 1.3க்கு 70 ரிங்கிட். வருடத்துக்கு 50 ரிங்கிட்தான் வித்தியாசம், அதற்காகச் சின்ன இஞ்சின் தேட வேண்டியதில்லை.

இனி உங்களுக்கான கார். கொழுந்தனிடம் முகம் முறிக்க முடியாது என்றால் வீவாவை நீங்கள் பிறைக்குப் போய்வர வைத்துக்கொள்ளலாம், சாவி மட்டும் மகள் கைக்குப் போகவேண்டாம். என்னைக் கேட்டால், கையில் உள்ள 20,000 ரிங்கிட்டுக்கு 2014க்குப் பிறகு வந்த புரோட்டோன் ஈரிஸ் தேடச் சொல்வேன். எந்த வகையை எடுத்தாலும் நிலைப்புக் கட்டுப்பாட்டோடு வந்த கார், அதுவும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதன் சிவிடி எனப்படும் ஆட்டோ கியர்பாக்ஸை மட்டும் சூடான பிறகு நன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊளையிடும் சத்தமோ, புறப்படும்போது உதறலோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் மைவி இல்லாத, பிள்ளைக்கென்றே வாங்க வேண்டிய வாசகர்களுக்கும் இதே தேர்வுதான்: 2017 நவம்பருக்குப் பின் வந்த மைவி, இல்லையென்றால் ஈரிஸ். ஆக்ஸியா என்றால் கவனம் தேவை. 2019 செப்டம்பரில் வந்த சில வகைகளில்தான் முதன்முதலாக நிலைப்புக் கட்டுப்பாடு சேர்த்தார்கள், அதற்கு முந்தையவற்றில் இல்லை. சாகாவிலும் சில வகைகளில் மட்டுமே உண்டு. பெயரை மட்டும் கேட்டு வாங்காமல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பழைய காரைப் பார்க்கப் போனாலும் இஞ்சினைத் திறப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். டாஷ்போர்டில் பல விளக்குகள் எரியும். அவற்றில் மூன்றைப் பாருங்கள்: காற்றுப்பை விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு. மூன்றும் எரிய வேண்டும். பிறகு, சில நொடிகளிலோ ஸ்டார்ட் செய்ததுமோ அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால்தான் ஆபத்து அதிகம். அந்த வசதி காரில் இல்லை, அல்லது பழுதை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, சீட் பெல்ட். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் எத்தனை கார் மூழ்கியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் ஓர் இளைஞர் வாங்கப்போகும் காரைப் பார்த்துச் சொல்லும்படி கொண்டுவந்தார். உள்ளே எலுமிச்சை வாசனை, கால்மிதி புதுசு, இருக்கை உறை புதுசு. பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுத்தேன். மேல்பகுதி கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. கடைசி ஒரு சாண் மட்டும் தேத்தண்ணி நிறம். விரலால் தடவினேன், மண் நெறுநெறுவென்று ஒட்டியது. அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். காரை எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டைக் கழுவ மறந்துவிடுவார்கள். ஸ்பேர் டயர் குழியில் துரு இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

புஸ்பாகோம் சோதனையில் தேறிவிட்டது என்று விற்பவர் சொல்வார். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை அவசியமானதுதான். இஞ்சின் எண், அடிச்சட்ட எண் சரியா, வெட்டி ஒட்டிய காரா என்றெல்லாம் அதில் தெரியும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று அதில் தெரியாது. அதற்கு 100, 150 ரிங்கிட் கொடுத்தாலும் பரவாயில்லை, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

சரி, மைவியை மகளிடம் கொடுப்பதற்கு முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018இன் 35ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் 2019 காரில் இன்னும் பழைய டயரே இருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் பிடிக்காது. டயர் தரையைப் பிடிக்காவிட்டால் நிலைப்புக் கட்டுப்பாட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியில் கறுப்பு டின்டட் ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். சட்டப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடும் வெளிச்சத்தை விட வேண்டும். இரவு மழையில் மோட்டார் தெரிய வேண்டுமானால் அவளுக்கு அந்த வெளிச்சம் முழுவதும் வேண்டும்.

முதல் சில வாரம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாலத்தை ஓட்டவிடுங்கள். ஞாயிறு காலையில் தொடங்கி, பிறகு வேலைநாள் காலை, அதன்பிறகு ஒரு மழைநாள், ஓர் இரவு. மழையில் நான்கு சிக்னலையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் நம் சாலையில் நிறைய இருக்கிறது. அவள் அதைப் பழக வேண்டாம். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று தெரியாமல் போய்விடும். முன்விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்தால் போதும். வழிகாட்டும் வேஸ் செயலியில் போக வேண்டிய இடத்தை, காரை எடுப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். முதல் ஆறு மாதம் கூட்டாளிகள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பத்து பெரிங்கிக்குப் போவது வேண்டாம். நண்பர் கூட்டம் காருக்குள் இருக்கும்போது இளம் ஓட்டுநர்களின் விபத்து ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. இதைத் திட்டிச் சொல்லாமல், சாவி கொடுக்கும் நாளிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பி ஸ்டிக்கர் இரண்டு வருடத்துக்கு முன்னும் பின்னும் கட்டாயம். உங்கள் காரை நீங்களும் சில நாள் எடுப்பீர்கள் என்றால் காந்தம் உள்ளதை வாங்குங்கள், கழற்றி மாட்ட வசதி. அது பம்பரில் ஒட்டாது, பம்பர் பிளாஸ்டிக். முன்னால் போனட்டிலும் பின்னால் தகடுள்ள இடத்திலும் ஒட்டி, விழாமல் இருக்கிறதா என்று பாலம் ஏறுவதற்கு முன் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.