சிறிய மார்க்கெட்டிங் ஏஜென்சியில் வேலை எப்படி இருக்கும்?

மற்றவர்களின் கடைக்கோ கம்பெனிக்கோ விளம்பர வேலையைக் கூலிக்குச் செய்து தரும் அலுவலகம்தான் மார்க்கெட்டிங் ஏஜென்சி. சிறியது என்றால் ஐந்தாறு பேர் இருப்பார்கள். நான் பொள்ளாச்சியில் அப்படி ஒன்றில் வேலை செய்கிறேன்.

தெருமுனை மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போடுபவரே பில்லும் போடுவார், கூட்டம் வந்தால் தோசைக்கல் பக்கமும் போவார். இங்கேயும் அப்படித்தான். காரணம் பணம். வாடிக்கையாளர் பணம் தர இரண்டு மாதம் ஆகலாம். ஆனால் பில் போட்டதுமே 18 சதவீத ஜிஎஸ்டி கணக்கில் ஏறிவிடும், சம்பளமும் ஒன்றாம் தேதி தந்தாக வேண்டும். வேலைக்கு ஓர் ஆள் என்று வைக்கக் கட்டுப்படியாகாது.

எல்லையோரம் என்பதால் எங்களுக்கு இரண்டு பண்டிகைக் காலம். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் பாலக்காட்டு ஜவுளிக்கடைகளின் ஓணம் வேலை வந்துவிடும். ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போக வேண்டும். டிசைன் மென்பொருளில் இந்திய மொழி அமைப்பு மாறிப்போய், மலையாளக் கூட்டெழுத்தெல்லாம் உடைந்து, தமிழில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றது. பக்கத்து பேக்கரி சேட்டனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லித்தான் அனுப்பினோம். அப்புறம் அந்தப் பலகையைக் கடைவீதியில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

பலரும் இதை ‘ஃபேஸ்புக்கில் போஸ்ட் போடும் வேலை’ என்கிறார்கள். போஸ்ட் போட ஐந்து நிமிடம் போதும். கடைக்காரர் யாருக்கு எதை விற்க நினைக்கிறார் என்று கேட்டுப் புரிந்துகொள்ளத்தான் நாள் முழுக்கப் போகிறது.