சிறுகோளுக்குப் பெயர் வைப்பது யார்? கேள்வி பதில்

சென்ற வாரம் சிறுகோள்களை, அதாவது சூரியனைச் சுற்றிவரும் சிறிய பாறைக் கோள்களைப் பற்றி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஹட்டனில் ஓயாத மூட்டம், வானம் பார்க்க வழியில்லை. பதிலாவது எழுதுவோம்.

சேர், நான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தால் உடனே பெயர் வைக்கலாமா? (உயர்தர மாணவி, பொகவந்தலாவை)

உடனே முடியாது பிள்ளை. முதலில் ஒரு தற்காலிகக் குறியீடுதான் கிடைக்கும். பூமியில் மோதுமோ என்று 2025 தொடக்கத்தில் எல்லோரையும் பயமுறுத்திய 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் நினைவிருக்கிறதா? 2024 என்பது ஆண்டு. ஒவ்வொரு அரை மாதத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒய் என்றால் டிசம்பர் பிற்பாதி. மிச்சமுள்ள ஆரும் 4உம் வரிசையைச் சொல்கின்றன: அந்த அரை மாதத்தில் பதிவான 117ஆவது பொருள். (ஆங்கில ஐ எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள், ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும். ஆக ஒரு சுற்றுக்கு 25 எழுத்து; 4 சுற்று 100, ஆர் 17ஆவது.) பிறகு பல ஆண்டுகள் அவதானித்து, பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். எண் கிடைத்த பிறகு 10 ஆண்டுகளுக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. முடிவு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயர்க்குழுவுடையது.

தொலைநோக்கி இல்லையே என்று யோசிக்காதீர்கள். பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களைப் பாடசாலை மாணவர்களுக்குக் கொடுத்துத் தேடச் சொல்லும் சர்வதேசத் திட்டம் ஒன்று உண்டு. கணினியும் இணையமும் போதும். பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

சிவனொளிபாதமலையின் பெயரை வைக்க முடியுமா? (மஸ்கெலியா)

ஊர், மலைப் பெயர்களுக்குத் தடையில்லை. 21ஆம் எண் லுட்டேஷியா, பாரிசின் பழைய லத்தீன் பெயர். ஆனால் ஆங்கில எழுத்தில் 16க்கு மேல் போகக்கூடாது. சிவனொளிபாதமலையை எழுதிப் பார்த்தேன், 17 வருகிறது! பொகவந்தலாவை 13தான், தாராளமாக இடமிருக்கிறது.

தொண்டமான் ஐயா பெயரில் ஒன்று வேண்டும். (தலவாக்கலை)

அரசியலாலோ போராலோ அறியப்பட்டவர் என்றால், இறந்து 100 ஆண்டு ஆகவேண்டும். மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமாக இருந்த ஐயா 1999இல் காலமானார், ஆகவே 2099. தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர் 1947இல் மறைந்தவர், அவருக்கும் 2047 வரை காத்திருக்கவேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை விஷயம்தான் சுவாரசியம். நாடாளுமன்றத்தில் இருந்தவர், ஆனால் நாம் அவரைக் கவிஞராகத்தானே நினைக்கிறோம்? பிரதானமாக எதற்காக அறியப்பட்டவர் என்பதையே விதி கேட்கிறது. என்னைக் கேட்டால் அவருக்கு இன்றே முன்மொழியலாம். இந்த 100 ஆண்டு விதி நல்ல விதி என்பேன். இல்லாவிட்டால் வானத்திலும் கட்அவுட் வைத்திருப்பார்கள்.

எங்கள் ஜிம்மியின் பெயர்? (பண்டாரவளை)

வளர்ப்புப் பிராணிகளை இப்போது ஊக்குவிப்பதில்லை. 1971இல் கண்டுபிடித்த ஒன்றுக்கு மிஸ்டர் ஸ்பொக் என்று தன் பூனையின் பெயரை வைத்தார் ஒருவர். அதில் வந்த முணுமுணுப்புத்தான் காரணம்.

காசு கட்டினால் நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்துச் சான்றிதழ் தருகிறார்களே? (நுவரெலியா)

அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். எந்த வானியலாளரும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை. சிறுகோள் பெயர்களும் விற்பனைக்கு இல்லை. முன்பு ஒருமுறை விற்றது உண்மை. 1885இல் வானியலாளர் ஜொஹான் பலிசா, கிரகணம் பார்க்கப் போகும் செலவுக்காக ஒரு சிறுகோளின் பெயரை 50 பவுணுக்கு விலை பேசினார். ரொத்ஷீல்ட் பிரபு வாங்கி மனைவி பெயரை வைத்தார். அதுதான் 250 பெட்டினா.

நம்மவர்கள் யாராவது இருக்கிறார்களா? (பதுளை)

இலங்கையில் பிறந்த வானியலாளர் ரே ஜயவர்தனவுக்கு 4668 ரேஜே. 1956இலிருந்து இங்கேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு 4923. தன் புகழ்பெற்ற '2001' கதையை நினைத்து அவருக்கு 2001 என்ற எண்தான் ஆசை, அதற்குள் அது ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது. தமிழர்களில் கணிதமேதை ராமானுஜன் (எண் 4130), சதுரங்கத்தின் விஸ்வநாதன் ஆனந்த் (எண் 4538), இயற்பியலாளர் சந்திரசேகர் (எண் 1958). ராமானுஜனுடையதைக் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டுக் காவலூர் ஆய்வகத்தில்தான், 1988இல்.

பாடசாலையின் பெயரை வைக்கலாமா? (ஆசிரியை, ஹப்புத்தளை)

தாராளமாக, டீச்சர். வியாபாரப் பெயர்கள்தான் கூடாது. தேயிலைக் கம்பனிக்காரர்கள் மன்னிக்கவும். அமெரிக்காவின் டிரேக் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று உண்டு, எண் 694. பெயரை ஆங்கிலத்தில் தலைகீழாக எழுதி 'எகார்ட்' ஆக்கிவிட்டார்கள். அதன் பாதையைக் கணக்கிட்டவர்கள் அங்கே படித்த மாணவர்கள்.