கறுப்பு பனியன்களின் நடுவே ஒரு வெளிர் நீலச் சட்டை

கேள்வி: இளமையில் நீங்கள் பார்த்த ராக் கச்சேரிகளில் இன்றும் நினைவில் நிற்பது எது? (வாசகர், வேலூர்)

பதில்: 2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் கச்சேரி. சென்னையிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தேன். மைதானம் முழுக்கக் கறுப்பு பனியன்கள். நான் மட்டும் அண்ணனின் இஸ்திரி போட்ட வெளிர் நீலச் சட்டையில், கல்யாணப் பந்திக்கு வந்தவனைப் போல நின்றேன். மூன்று கிடார்களும் ஒன்றாக முழங்கியபோது சட்டைப் பொத்தானே அதிர்ந்தது. மேடையில் அந்த ஓட்டம் ஓடிய பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனுக்கு அப்போது 48 வயது. எனக்கு இன்னும் அந்த வயதாகவில்லை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திங்கட்கிழமை வரை காதில் வண்டு ரீங்காரம். அலுவலகத்தில் மேலாளர் திட்டியது பாதிதான் கேட்டது. டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிட்டது.